புயல் மெதுவா நகருதா? காத்தை விடுங்க, மழையைக் கணக்குப் போடுங்க

புயல்னதும் எல்லாரும் முதல்ல கேக்குறது காத்து எவ்ளோ வேகம்னுதான். மழை எவ்ளோ கொட்டும்னு அந்த நம்பர் சொல்லாது. அறிவிப்புல "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது"ன்னு ஒரு வரி வரும் பாருங்க, அதைத் தேடிப் படிங்க. புயலைத் தள்ளுற மேல்காத்து பலவீனமானா அது நின்ன இடத்துலயே நின்னு கொட்டும். 2017ல ஹார்விங்குற புயல் அமெரிக்காவோட டெக்சாஸ்ல அப்படித்தான் பண்ணுச்சு, காத்து குறைஞ்சு சாதாரண புயலா ஆனப்புறமும் நாள்கணக்குல சுத்திச்சுத்தி வந்து ஒரு ஊர்ல 1539 மில்லிமீட்டர் கொட்டிட்டுப் போச்சு.

பழைய குத்துமதிப்புக் கணக்கு ஒண்ணு இருக்கு. 4700ஐ புயல் நகர்ற வேகத்தால (மணிக்கு எத்தனை கிலோமீட்டர்னு) வகுத்துப் பாருங்க, புயல் போற வழியில அதிகபட்சமா எத்தனை மில்லிமீட்டர் பெய்யலாம்னு தோராயமா வரும். 20ல போனா 235, 8ல போனா கிட்டத்தட்ட 590. உங்க தெருவுல அவ்ளோ பெய்யும்னு அர்த்தம் இல்ல, மலைப்பக்கம்னா இதையும் தாண்டலாம்.

நம்ம இடத்துல எவ்ளோன்னு நாமளே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமா இருக்குற டப்பா வேணும், பக்கெட் வேணாம், நான் ஒரு தடவை பக்கெட்டை வச்சு அளந்து கணக்கு மொத்தமும் தப்பாப் போச்சு. மரம், சுவர் பக்கத்துல இல்லாம வெட்டவெளியில, காத்துல சாயாம ரெண்டு கல்லுக்கு நடுவுல வச்சு, மணிக்கு ஒருதடவை ஸ்கேலை உள்ள விட்டுப் பாத்து நேரத்தோட எழுதி வைங்க.

1 சதுர மீட்டர்ல 1 மில்லிமீட்டர் பெஞ்சா 1 லிட்டர். 1000 சதுர அடி மொட்டைமாடியில 50 மில்லிமீட்டர்னா 4600 லிட்டருக்கு மேல, அது எல்லாம் ஒண்ணு ரெண்டு குழாய் வழியாத்தான் இறங்கணும், அந்த ஓட்டையில நாலு இலையும் ஒரு பிளாஸ்டிக் கவரும் ஒட்டிக்கிட்டா முடிஞ்சுது கதை. மழைக்கு முன்னாடியே ஒரு பக்கெட் தண்ணி ஊத்தி எவ்ளோ வேகமா இறங்குதுன்னு பாத்துடுங்க.

நடுவுல வெயில் அடிச்சா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, மேகக்கூட்டம் ரயில் பெட்டி மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா அதே ஊரு மேல வரும். ரோட்டுல தண்ணி ஓடுனா இறங்கவே வேணாம், 15 சென்டிமீட்டர் ஓட்டமே ஆளைச் சாய்ச்சிடும், 30னா சின்ன கார் மிதக்கும்.

ஸ்கேல் நம்பர் மணிக்கு மணி கூடிக்கிட்டே போய், வெளிய தேங்குன தண்ணியும் வடியலன்னா, இருட்டுறதுக்குள்ள கீழ இருக்குறதை மேல ஏத்திடுங்க.