உபுண்டுவில் வைஃபை படுத்தினால்

வைஃபை ஐகானே காணவில்லையா? டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' (rfkill list) கொடுங்கள். 'ஹார்டு பிளாக்டு: யெஸ்' என்று வந்தால் மென்பொருளைக் குடைந்து பயனில்லை, லேப்டாப்பின் ஓரத்திலோ கீபோர்டிலோ இருக்கும் வைஃபை சுவிட்சைப் போடுங்கள். 'சாஃப்ட் பிளாக்டு: யெஸ்' என்றால் 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' (rfkill unblock wifi) என்ற கட்டளை போதும்.

இணைப்பு விட்டுவிட்டு வந்தால், என் முதல் சந்தேகம் மின்சேமிப்பின் மேல்தான். பேட்டரியை மிச்சம் பிடிக்க வைஃபை கார்டு இடையிடையே தூங்கப் போய்விடும். வீடியோ அழைப்பில் அக்கா வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நிற்பாள்.

மின்சேமிப்பை அணைக்க, 'ஈடிசி' (/etc) ஃபோல்டருக்குள் 'நெட்வொர்க்மேனேஜர்', அதற்குள் 'கான்ஃப்.டி'. அங்கே பெயரில் 'பவர்சேவ்' என்று வரும் கோப்பை சூடோ (நிர்வாகி உரிமை தரும் கட்டளை) போட்டுத் திறந்து, 'வைஃபை.பவர்சேவ்' எதிரே உள்ள 3-ஐ 2 ஆக்குங்கள். 0 போடத்தான் கை போகும். ஆனால் 2 தான் அணைப்பு, 0 என்றால் இயல்புநிலை. யார் யோசித்த கணக்கோ!

அப்புறம் நெட்வொர்க்மேனேஜர் சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம். எனக்கு அது பரவாயில்லை.