ஆகாயத்தாமரை அடைச்சு போட் இன்ஜின் சூடானப்போ நான் பண்ணது

கேரளாவுல வேம்பநாட்டு காயல்ல குமரகம் பக்கம் ஃப்ரெண்டோட அவுட்போர்டு போட்ல (இன்ஜின் பின்னாடி வெளிய மாட்டியிருக்கிற போட்) குடும்பமா போயிட்டிருந்தோம், திடீர்னு ஓவர்ஹீட் அலாரம் கத்துது, பின்னாடி பாத்தா இன்ஜின குளிர வச்சுட்டு பக்கவாட்டுல பீச்சி அடிக்கிற தண்ணி நூல் மாதிரி ஆயிருச்சு. உடனே ஆஃப் பண்ணி சாவிய எடுத்துட்டு, நங்கூரம் போட்டு, இன்ஜின தூக்கிப் பாத்தேன். ப்ரொப்பெல்லர்ல ஆகாயத்தாமரை வேர் சடை சடையா சுத்தியிருக்கு, தண்ணி உறிஞ்சுற சல்லடையும் மொத்தமா அடைப்பு. வேர கத்தியால அறுத்து, சல்லடைய பழைய டூத்பிரஷ் வச்சு தேச்சு, தண்ணி பீச்சுற ஓட்டைக்குள்ள தூண்டில் நரம்ப விட்டு குத்தி எடுத்தேன். நல்லா ஆறவிட்டு ஸ்டார்ட் பண்ணா பழையபடி பீச்சுது, அப்பதான் எல்லாருக்கும் உயிரே வந்துச்சு. உப்புத்தண்ணிய தடுக்க காயல் குறுக்க கட்டியிருக்கிற தண்ணீர்முக்கம் தடுப்பணையோட ஷட்டர மூடியிருக்கிற மாசங்கள்ல உப்புத்தண்ணி தெக்க வராது, அதனால அந்தப் பக்கம் இந்தச் செடி பயங்கரமா மண்டும், அப்ப போறவங்க கத்தியும் பிரஷ்ஷும் கண்டிப்பா வச்சுக்கோங்க, தண்ணி பீச்சுதான்னு அடிக்கடி திரும்பிப் பாருங்க.