பழைய எம்ஜிபி எஞ்சினை விற்பதா, பிரித்துக் கட்டுவதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புகை வருகிறது, ஆயில் குடிக்கிறது, பிரஷர் முள் ஏற மறுக்கிறது. "வந்த விலைக்குத் தள்ளிவிடு" என்பார் ஒருவர். "இறக்கிப் போர் அடித்துவிடு", அதாவது சிலிண்டரை அகலமாகக் கடைந்துவிடு என்பார் இன்னொருவர். இருவருமே எதையும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி எஞ்சின் விஷயத்தில் பெரும்பாலான பண விரயம் இங்கேதான் தொடங்குகிறது. (அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-சீரிஸ் குடும்பம்தான். அதைக் கழற்றிய கைக்கு இது புதிதாகத் தெரியாது.)

முதல் தவறு, எது நம் கையில் இருக்கிறது என்று பார்க்காமலே விலை பேசுவது. பிளாக்கின் வலப்பக்கம் ரிவெட் அடித்த சிறு தகட்டில் எஞ்சின் எண் இருக்கும். 18ஜி, 18ஜிஏ என்று தொடங்கினால் மூன்று மெயின் பேரிங்கில் சுழலும் கிராங்க் (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு). 1964 அக்டோபரில் வந்த 18ஜிபி முதல் ஐந்து பேரிங். 48ஜி என்றிருந்தால் கம்பெனியே புதுப்பித்து மாற்றிக் கொடுத்த 'கோல்டு சீல்' எஞ்சின். காரோடு பிறந்தது அல்ல. கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் தரும், தொழிற்சாலைப் பதிவேட்டு விவரம் கொண்ட ஹெரிடேஜ் சான்றிதழோடு எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால், அந்த பிளாக்கைத் தனியாக விற்பது காரின் மதிப்பை நீங்களே வெட்டிக் குறைப்பது. வேறு எஞ்சின் போட்டு ஓட்டினாலும் பழையதை எண்ணெய் தடவி மூலையில் வையுங்கள். கார் கைமாறும்போது அதுவும் கூடப் போகட்டும்.

எண் பொருந்தாவிட்டால் மனதைக் கல்லாக்கிக்கொள்ளலாம். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார். உதிரி பிளாக் அரிய பொருள் இல்லை. எம்ஜிபிக்கு முந்தைய எம்ஜிஏ காரின் ட்வின் கேம் (இரட்டை கேம் ஷாஃப்ட்) வகையின் கதை நேர் எதிர். மொத்தமே 2,111 கார்கள்தான். அதன் எஞ்சின் பிஸ்டன் ஓட்டையாகிக் கிடந்தாலும் பழைய இரும்பு விலைக்குக் கொடுப்பது மடத்தனம்.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை மீட்டரில் அளக்கும் கம்ப்ரெஷன் சோதனையை அரைகுறையாகச் செய்துவிட்டு "எஞ்சின் போச்சு" என்பது அடுத்த தவறு. முதலில் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவிலுள்ள டேப்பட் இடைவெளியைச் சரிபாருங்கள்: குளிர்ந்த நிலையில் 15 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர். பிறகு எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, நல்ல பேட்டரியோடு சுழற்றுங்கள். த்ராட்டில் மூடியிருந்தால் நல்ல எஞ்சின்கூடக் குறைவாகவே காட்டும். 8.8:1 கம்ப்ரெஷன் விகிதம் உள்ள எஞ்சினில் 160 பிஎஸ்ஐயை ஒட்டி வரவேண்டும். ஆனால் அந்த எண்ணைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். அசையவே இல்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள். இந்த ஹெட்டில் 2, 3 சிலிண்டர்களின் புகை ஒரே போர்ட் வழியாக வெளியேறுகிறது, அதனால் நடுப்பகுதி அதிகம் சூடாகும். அந்த இரண்டில் ஒன்று மட்டும் விழுந்திருந்தால், ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும் என்ற நல்ல செய்தியாகக்கூட அது இருக்கலாம்.

ஆயில் பிரஷருக்கும் இதே நிதானம் வேண்டும். சூடான எஞ்சினில் ஓட்டத்தின்போது 50 முதல் 80, ஐடிலில் 10 முதல் 25 பிஎஸ்ஐ என்பது கம்பெனி கணக்கு. டேஷ்போர்டு மீட்டருக்கு அரை நூற்றாண்டு வயதாகிறது. அதை நம்பி கிராங்க்கைக் கழற்றாதீர்கள். வேறொரு மீட்டரை மாட்டிப் பாருங்கள், அதிகப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கைப் பாருங்கள், 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றிப் பாருங்கள். மூன்று பேரிங் எஞ்சினில் பின்பக்கம் ஆயில் சொட்டுவதும் சாவு மணி அல்ல. அங்கே சீல் கிடையாது, ஆயிலைத் திருப்பி அனுப்பும் மரைதான் உண்டு. கொஞ்சம் சொட்டத்தான் செய்யும்.

கழற்றிவிட்டோம் என்றால், செலவைக் குறைக்க ரிங் மட்டும் மாற்றும் ஆசை வரும். பழைய ரிங் தொடாத மேல்விளிம்பில், வயல் வரப்பு மாதிரி, ஒரு மேடு நின்றிருக்கும். விரல் நகத்தை மேலே இழுத்தால் தட்டுப்படும். தேயாத விளிம்போடு வரும் புது மேல் ரிங் அந்த மேட்டில் மோதி உடையும், பிஸ்டனின் ரிங் பள்ளத்தையும் கெடுக்கும். அதனால் போர் கேஜை வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளந்த பிறகுதான் பேச்சு. ஒரிஜினல் போர் 80.26 மில்லிமீட்டர். 20, 30, 40 தௌ என்று படிப்படியாக ஓவர்சைஸ் பிஸ்டன் கிடைக்கிறது. 60 தௌ போனால் கொள்ளளவு 1868 சிசி ஆகும். ஏற்கெனவே 60 அடித்த பிளாக் என்றால் அடுத்த வழி பெரும்பாலும் சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்கும் ஸ்லீவ் வேலைதான், அந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள். பிஸ்டன் கையில் வந்த பிறகே போர் அடிக்கக் கொடுங்கள். பெட்டியில் எழுதிய அளவுக்கு அல்ல, பிஸ்டனை அளந்து அதற்கேற்ப அடிப்பதுதான் முறை.

கழற்றும்போதே, பேரிங்கை மூடிப் பிடிக்கும் மெயின் கேப், கனெக்டிங் ராட் கேப் எல்லாவற்றிலும் எண் குத்திவிடுங்கள். கேப்பை பிளாக்கில் பூட்டிய பிறகே தொழிற்சாலையில் துளை கடைந்திருக்கிறார்கள். ஒரு கேப் தொலைந்தால் வேறு பிளாக்கின் கேப் உட்காராது. எல்லாத் துளையையும் ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைய வேண்டிவரும். விற்கும்போது பாதி விலை அங்கேயே போய்விடும்.

ஹெட்டை வால்வு அரைத்து அப்படியே பூட்டிவிடுவதும் நடக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து ஹெட் அது. இன்றைய பெட்ரோலில், முக்கியமாக வேகமாக ஓட்டினால், எக்ஸாஸ்ட் வால்வு சீட் குழிந்து வால்வு மேலேறும். டேப்பட் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம். கடினமான சீட் வளையம் பதிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் வால்வு சீட்டுகளுக்கு இடையில் விரிசல் இருக்கிறதா என்று காந்தச் சோதனை செய்யுங்கள். விரிசல் விட்ட ஹெட்டில் வளையத்துக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

புது கேம் ஷாஃப்ட்டோடு பழைய டேப்பட்டைப் போடாதீர்கள். பழையது பழைய கேமுக்கேற்பத் தேய்ந்தது, புதியதை வேகமாகத் தின்றுவிடும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிரஷர் ஏறும்வரை சுழற்றுங்கள். கிளம்பியதும் ஐடிலில் விடாமல் 20 நிமிடம் 2000 ஆர்பிஎம்மை ஒட்டி ஓடவிடுங்கள். ஆயிலில் துத்தநாகச் சேர்மம் போதிய அளவு இருக்கட்டும்.

கூட்டிப் பார்க்கும்போது பிஸ்டனும் பேரிங்கும் மட்டும் செலவு என்று நினைத்துவிடுகிறார்கள். பிளாக் கழுவுதல், விரிசல் சோதனை, கிராங்க் கிரைண்டிங், ஹெட் வேலை, ஆயில் பம்ப், டைமிங் செயின், எப்படியும் இறக்கிவிட்டதால் கிளட்ச் என்று எல்லாவற்றுக்கும் எழுத்தில் விலை வாங்கி, புதுப்பித்த எஞ்சினின் விலையோடு வைத்துப் பாருங்கள். அப்படி வாங்குவதானால் பேரிங் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மூன்றும் ஐந்தும் மாறினால் ஃப்ளைவீல், பின் தகடு, கியர்பாக்ஸ் ஷாஃப்ட் நுழையும் புஷ் எல்லாம் வேறு.

விற்பதுதான் முடிவு என்றால் கழற்றிப் பெட்டிகளில் போட்டு விற்காதீர்கள். காரிலிருந்து இறக்குவதற்கு முன், குளிர்ந்த எஞ்சின் கிளம்புவதையும் சூடான பின் பிரஷர் முள் நிற்கும் இடத்தையும் வீடியோ எடுத்துவிடுங்கள். ஓடாத எஞ்சின் என்றால் சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, பிளக்கை மூடி, கிராங்க் கையால் சுற்றும் நிலையில் வையுங்கள். இரட்டை எஸ்யூ கார்ப்பரேட்டரைத் தனியாக விலை சொல்லுங்கள். அதை மட்டும் தேடிவருபவர்களும் இருக்கிறார்கள்.