கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சமா? 30-லிருந்து தொடங்குங்கள்

மாமாக் உணவுக்கடையில் மணிக்கணக்கில் அரட்டை அடிப்பவர்கூட, அலுவலகக் கூட்டத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு கேள்வி கேட்கவேண்டுமென்றால் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தைரியம் வரட்டும், பேசுகிறேன் என்று காத்திருந்தால் அது வராது. பேசாமல் தப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் “அப்பாடா” என்று ஒரு நிம்மதி கிடைக்கிறதே, அதுதான் பயத்துக்குத் தீனி.

கூச்சமான பத்துச் சூழல்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். வீட்டு நாற்காலியில் சாய்ந்திருப்பது 0. எழுந்து ஓடிவிடலாமா என்று தோன்றுவது 100. மனநல மருத்துவர் ஜோசப் வோல்ப்பி பழக்கத்துக்குக் கொண்டுவந்த அளவுகோல் இது. “கூட்டத்தில் பேசுவது” என்று மொட்டையாக எழுதாதீர்கள். யார் முன்னால், எந்த மொழியில், எத்தனை நிமிடம் என்பதும் வேண்டும். அதே கேள்வி தமிழில் 20 ஆகவும், மேலாளர் முன் ஆங்கிலத்தில் 75 ஆகவும் இருக்கலாம்.

மதிப்பெண் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாக அடுக்கினால், அதுதான் உங்கள் ஏணி. கோலாலம்பூர்க்காரர் ஒருவரின் ஏணி இப்படி அமையலாம். கே.எல். சென்ட்ரலில் முன்பின் தெரியாதவரிடம் மோனோரயிலுக்கு வழி கேட்பது 30. வழி தெரிந்திருந்தாலும் கேளுங்கள். மஸ்ஜித் இந்தியா துணிக்கடையில் நாலு புடவையை எடுத்துப்போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் நன்றி சொல்லிக் கிளம்புவது 45. (நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் படி இதுதான். தீபாவளி நெரிசலில் போய்க் கடைக்காரரை வதைக்க வேண்டாம்.) அரசாங்க அலுவலகத்துக்கு ஒத்திகை இல்லாமல் மலாயில் போன் அடிப்பது 55. கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஒரு கேள்வி 70. மேடைப்பேச்சுப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் ‘டேபிள் டாபிக்ஸ்’ என்ற திடீர்ப் பேச்சு 85.

30, 40 மதிப்புள்ள படியில் ஏறுங்கள். ஒரே படியை வாரத்தில் மூன்று நான்கு தடவை செய்து, மதிப்பெண் பாதியாகக் குறைந்த பிறகு அடுத்ததற்குப் போகலாம். மாதத்துக்கு ஒரு தடவை செய்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பயப்படவேண்டியதுதான். போவதற்கு முன் “சிரிப்பார்கள்”, “குரல் நடுங்கும்” என்று எதற்குப் பயமோ அதை ஒரு வரியில் எழுதுங்கள். வந்ததும் பக்கத்திலேயே நடந்ததை எழுதுங்கள். காது சூடாகி நெஞ்சு படபடக்கும்போது பாதியில் திரும்பிவிடாதீர்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது விலகினால், விலகியதால்தான் பிழைத்தோம் என்றே மனம் கற்றுக்கொள்ளும்.

ஊன்றுகோல்களையும் கவனியுங்கள். கையில் போன், கூட ஒரு நண்பர், முழு வாக்கியத்தையும் எழுதி வாசிப்பது, மூச்சுவிடாமல் பேசி முடிப்பது எல்லாம் இதில் சேர்த்திதான். இவற்றோடு செய்தால் பெயர் ஊன்றுகோலுக்குப் போய்விடும். ஒவ்வொன்றாக விடுங்கள்.

கூட்டத்தில் முதல் பத்து நிமிடம் என்றதற்குக் காரணம் உண்டு. காத்திருக்கக் காத்திருக்கப் படபடப்பு ஏறும். நீங்கள் கேட்க நினைத்ததை வேறொருவர் கேட்டும் விடுவார். “போலே சாயா தான்யா” (நான் கேட்கலாமா) என்ற மலாய்த் தொடக்கம் மட்டும் மனப்பாடமாக இருந்தால் போதும், மிச்சம் வந்தபடி வரட்டும்.

டேபிள் டாபிக்ஸில் தலைப்பை அங்கேயே கொடுப்பார்கள். பேச்சு 1 முதல் 2 நிமிடம்: 1 நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், 2-ல் சிவப்பு. முதல் இரண்டு தடவை விருந்தினராகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்கள் முறை வந்தால் பதிலை ஒரே வாக்கியத்தில் சொல்லி, ஓர் உதாரணம் கொடுத்து, முதல் வாக்கியத்துக்கே திரும்புங்கள். ஒன்றும் தோன்றவில்லையா? தலைப்பை மறுபடி உரக்கச் சொல்லி மூச்சு விடுங்கள். அந்த மூன்று விநாடி மௌனம் உங்களுக்குத்தான் யுகமாகத் தெரியும்.

பலர் கெடுத்துக்கொள்வது நேராக 85-க்குத் தாவித்தான். நாக்கு உலர்ந்து, இனி இந்தப் பக்கமே வேண்டாம் என்று ஓடிவிடுவார்கள். இரண்டு படிகளுக்கு நடுவே 20-க்கு மேல் இடைவெளி இருந்தால் நடுவில் ஒன்றைச் செருகுங்கள்: கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் தனியாக அதே கேள்வியைக் கேட்பதுபோல.

பயத்தால் வேலைக்கோ வெளியிலோ போகமுடியாத நிலை வாரக்கணக்கில் நீடித்தால், தனியாக ஏணி போட வேண்டாம். பக்கத்துக் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையம்) மருத்துவரைப் பாருங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். அடையாள அட்டையோடு, மதிப்பெண் போட்ட அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள்.