2.8 என்ற எண்ணை மட்டும் பார்த்து ஜூம் லென்ஸ் வாங்காதீர்கள்

விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு முகூர்த்தம். மண்டபத்தில் டியூப்லைட் வெளிச்சம், மேடையில் ஹோமப் புகை. என் அக்கா மகள் கல்யாணத்தில் கேமராவோடு வந்த கிட் லென்ஸை 55 மி.மீ. வரை இழுத்து வைத்துத் தாலி கட்டுவதைப் படம் எடுத்தேன். அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/30 விநாடி. பெண் முகமும் மாப்பிள்ளை முகமும் நன்றாகவே வந்திருந்தன. மூன்றாவது முடிச்சுப் போட்ட நாத்தனாரின் விரல்கள் மட்டும் கலங்கிப் போயிருந்தன. அந்த முடிச்சை இன்னொரு தடவை போடச் சொல்ல முடியாது.

எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) பெரிதாகும், உள்ளே வரும் வெளிச்சமும் கூடும். அதன் பிறகுதான் எஃப் 2.8 ஜூம் தேடத் தொடங்கினேன். தேடிய காலத்தில் நான் செய்த தவறுகளும், என்னிடம் யோசனை கேட்டு வந்தவர்கள் செய்யவிருந்த தவறுகளும் ஏறக்குறைய ஒன்றுதான். எஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல நேரம். பலர் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் ஒரு காலத்தில் எட்டாத விலையில் இருந்த லென்ஸ்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கைக்கெட்டுகின்றன. அதனால்தான் அவசரப்பட்டு வாங்குவோரும் அதிகம்.

எங்கே லாபம் என்று பார்க்காமல் வாங்குவது

5.6-லிருந்து 4, 4-லிருந்து 2.8. இரண்டு ஸ்டாப். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வெளிச்சம் இரட்டிப்பாகும் என்பதால் மொத்தம் நான்கு மடங்கு. முகூர்த்தத்தில் 1/30-ல் எடுத்த அதே படத்தை, ஐஎஸ்ஓவைத் தொடாமல் 1/125-ல் எடுத்திருக்கலாம். விரல் அசைவை நிறுத்த அது பெரும்பாலும் போதும்.

ஆனால் இந்த நான்கு மடங்கு லாபம் 50 மி.மீ. பக்கத்தில்தான். 18-55 கிட் லென்ஸ் 18 மி.மீ.யில் ஏற்கெனவே எஃப் 3.5 தருகிறது. அங்கே 2.8-க்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஸ்டாப்பில் மூன்றில் இரண்டு பங்குதான். கோபுரம், தேர், கூட்டம் என்று எப்போதும் அகலமாகவே எடுப்பவருக்கு இந்த லென்ஸ் பெரிய மாற்றம் எதையும் காட்டாது.

அதனால் கடைக்குப் போகும் முன் உங்கள் பழைய படங்களில் ஒரு நூறைத் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.யில் எடுத்தது என்று பாருங்கள். படத்தின் விவரப் பகுதியிலேயே இருக்கும். 35-லிருந்து 55-க்குள் நிறைய வந்தால் 2.8 ஜூம் உங்களுக்கானது. எல்லாம் ஒரே இடத்தில், 50-ஐச் சுற்றியே குவிந்திருந்தால் ஜூமே வேண்டியதில்லை. கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 போதும். நிகான் டிஎக்ஸ் (சிறிய சென்சார்) கேமரா பாடியில் 35-ஐச் சுற்றிக் குவிந்திருந்தால் 35 மி.மீ. எஃப் 1.8. இரண்டும் 2.8-ஐ விட இரண்டரை மடங்கு வெளிச்சம் வாங்கும், விலையும் குறைவு. ஆனால் சடங்கு நடக்கும்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஜூமுக்குக் காசு கொடுப்பது அதற்காகத்தான்.

பின்னணி மங்கலாக வரும் என்ற ஆசையில் வாங்குபவர்களுக்கும் ஒரு கணக்கு. கிராப் சென்சார் (பிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவில் 50 மி.மீ., எஃப் 2.8 வைத்து இரண்டு மீட்டரில் நிற்பவரை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 17 செ.மீ.தான். முகம் துல்லியமாக இருக்கும், பின்னால் உள்ள சுவர் கரைந்துவிடும். அதே லென்ஸை 17 மி.மீ.யில் வைத்து மூன்று மீட்டரில் ஃபோகஸ் செய்தால் இரண்டு மீட்டரிலிருந்து ஆறரை மீட்டர் வரை எல்லாமே தெளிவாகத் தெரியும். மங்கலைத் தேடினால் கிடைக்காது. இதையே இன்னொரு பக்கமாகவும் நினைவில் வையுங்கள்: குடும்பத்தை இரண்டு வரிசையாக நிறுத்தி 50 மி.மீ.யில் எடுக்கும்போது 2.8-ஐ விட்டு 5.6-க்கு வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்வரிசையில் நிற்கும் பெரியப்பா முகம் கலங்கிவிடும்.

வளையத்தில் எழுதியிருப்பதைப் பாதி படிப்பது

லென்ஸின் முன் வளையத்தில் 1:2.8 என்று மட்டும் இருந்தால் எல்லா ஜூம் நிலையிலும் 2.8. 1:2.8-4 என்று கோடு போட்டு இன்னொரு எண் இருந்தால், நீட்ட நீட்டத் துளை சுருங்கி 4-ல் போய் நிற்கும். சிக்மா 17-70 எஃப் 2.8-4 நல்ல லென்ஸ், ஊர் சுற்ற எடுத்துப்போக எனக்குப் பிடித்த வகை. ஆனால் '2.8 லென்ஸ்' என்று தலைப்புப் போட்டு விற்கும் விளம்பரத்தை நம்பி அதை வாங்கினால், 70 மி.மீ.யில் நீங்கள் காசு கொடுத்த அந்த 2.8 இருக்காது.

அடுத்தது எழுத்துகள். கிராப் சென்சாருக்கு மட்டுமான லென்ஸைக் கேனான் இஎஃப்-எஸ் என்றும், நிகான் டிஎக்ஸ் என்றும், சிக்மா டிசி என்றும், டாம்ரான் டிஐ 2 என்றும் குறிக்கும். ஃபுல் ஃபிரேமுக்கும் ஆகும் லென்ஸைக் கேனான் இஎஃப் என்றும், சிக்மா டிஜி என்றும், டாம்ரான் டிஐ என்றும் குறிக்கும்; நிகானில் டிஎக்ஸ் என்ற எழுத்து இருக்காது. டாம்ரானில் டிஐ 3 என்றோ சிக்மாவில் டிஎன் என்றோ பார்த்தால் உடனே விலகிவிடுங்கள். அவை மிரர்லெஸ் கேமராவுக்கானவை, எஸ்எல்ஆரில் பொருந்தவே பொருந்தாது.

இதில் பலரும் விழுகிற ஒரு குழி இருக்கிறது. டாம்ரான் 28-75 எஃப் 2.8 என்ற பெயரில் 2003-ல் எஸ்எல்ஆருக்கு ஒரு லென்ஸ் வந்தது, மாடல் ஏ09. 2018-ல் அதே 28-75 எஃப் 2.8 என்ற பெயரில் சோனி மிரர்லெஸ்ஸுக்கு முற்றிலும் வேறான ஒன்று வந்தது, மாடல் ஏ036. யூடியூபில் புதியதைப் புகழ்ந்து பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டு, விற்பனைத் தளத்தில் பழையதைத் தேடிப் பிடித்து, 'இவ்வளவு மலிவா' என்று மகிழ்ந்தவர்களை எனக்குத் தெரியும். டாம்ரான் 17-70 எஃப் 2.8-ம் அப்படித்தான். மிரர்லெஸ்ஸுக்கு மட்டுமே உண்டு. விமர்சனம் படிக்கும்போது மாடல் எண்ணைச் சேர்த்துப் படியுங்கள்.

நிகான் பாடி வைத்திருப்பவர்கள் மோட்டாரைக் கேட்காமல் விடுவது

இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வாங்கிய மறுநாளே விற்க வந்தவர்கள் பலர். நிகான் டி3000, டி5000 வரிசைகளில் உள்ள எல்லாப் பாடிகளிலும், டி40, டி60-லும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள் மோட்டார் இருந்தால்தான் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யும். டாம்ரான் 17-50 எஃப் 2.8 நிகானுக்கு இரண்டு விதமாக வந்தது. முதலில் வந்ததில் மோட்டார் இல்லை, பின்னால் வந்ததில் உண்டு. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. டோக்கினா 11-16 எஃப் 2.8-ன் முதல் பதிப்பிலும் நிகானுக்கு மோட்டார் இல்லை, 2012-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் சேர்த்தார்கள்.

லென்ஸைத் திருப்பி, பாடியில் மாட்டும் உலோக வளையத்தைப் பாருங்கள். திருப்புளி நுழைகிற மாதிரி ஒரு சின்னப் பிளவு கொண்ட தண்டு தெரிந்தால் அது பாடியின் மோட்டாரை நம்பியிருக்கும் லென்ஸ். டி90, டி7000 வரிசை பாடிகளில் ஓடும். நாளைக்கு நிகான் மிரர்லெஸ்ஸுக்கு மாறினால் பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் கிடையாது என்பதால் அங்கும் கையால்தான் ஃபோகஸ். கேனான்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இஎஃப் லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது, அடாப்டர் போட்டால் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸிலும் ஓடும். கேனானில் கவனிக்க வேண்டியது வேறு: பிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் பல, டிஜிட்டல் பாடியில் துளையைச் சுருக்கியதும் எரர் காட்டி நின்றுவிடும். அடிமாட்டு விலைக்கு வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

நாளைக்கு ஃபுல் ஃபிரேம் வாங்குவேன் என்று இன்றைக்கு 28-75 வாங்குவது

கேனான் கிராப் பாடியில் 28 மி.மீ. என்பது ஏறத்தாழ 45 மி.மீ. பார்வை. வீட்டுக் கூடத்தில் நடக்கும் சீமந்தத்தில் முதுகு சுவரில் இடிக்கும், இன்னும் இரண்டு பேர் ஃபிரேமுக்கு வெளியே இருப்பார்கள். 17-லிருந்து தொடங்கும் லென்ஸ் அதே இடத்தில் 27 மி.மீ. பார்வை தரும். நாளைய கேமராவுக்காக இன்றைய படங்களை இழக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிறகு விற்றுக்கொள்ளலாம்.

ஸ்டெபிலைசேஷனைப் பற்றியும் ஒன்று. அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். ஆடுகிற பரதநாட்டியக் கலைஞரை அது நிறுத்தி வைக்காது. டாம்ரான் 17-50 அந்த வசதி இல்லாமல் 2006-லும், வசதியோடு 2009-லும் வந்தது. பழையதுதான் துல்லியம் அதிகம் என்று பயன்படுத்தியவர்களில் பலர் சொல்வார்கள், நானும் அப்படித்தான் பார்த்தேன். மனிதர்களை எடுப்பவர் எப்படியும் 1/125-க்குக் கீழே போகப்போவதில்லை என்றால் பழையதே போதும், விலையும் குறைவு. அதன் மோட்டார் சத்தம் போடும், ஃபோகஸ் ஆகும்போது ஃபோகஸ் வளையமும் சுற்றும். விரலை அதன் மேல் வைத்துத் தடுக்காதீர்கள். வீடியோவும் எடுப்பவர் சிக்மா 17-50 எஃப் 2.8 ஓஎஸ் பக்கம் போகலாம். சத்தம் குறைவு, ஸ்டெபிலைசேஷன் உண்டு, ஆனால் ஃபில்டர் 67-க்குப் பதில் 77 மி.மீ. என்பதால் ஃபில்டர் செலவு கூடும். எடை 565 கிராம், கிட் லென்ஸைப் போல இரண்டரை மடங்குக்கு மேல்.

சிக்மா 18-35 எஃப் 1.8 பற்றிக் கேட்பவர்கள் நிறைய. 2013-ல் வந்தபோது எஸ்எல்ஆருக்கு எல்லா நிலையிலும் 1.8 தந்த முதல் ஜூம் அதுதான். படத்தின் தரம் அபாரம். ஆனால் 35-ல் நின்றுவிடும், எடை 810 கிராம். சபாவில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து எடுப்பவருக்கு இதுவும் உதவாது, 17-50-ம் உதவாது. அதற்கு 70-200 எஃப் 2.8 தேட வேண்டும், அது தனிக் கதை.

செகண்ட் ஹேண்ட் லென்ஸைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவது

உங்கள் பாடி, மெமரி கார்டு, செல்போன் டார்ச், முடிந்தால் ஒரு லேப்டாப். இவை இல்லாமல் போகாதீர்கள்.

முதலில் டார்ச். லென்ஸைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சத்தை அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். கேனான் லென்ஸ் கழற்றினாலும் துளை திறந்தே இருக்கும். நிகான் லென்ஸில் துளை மூடிக்கொள்ளும். பின்வளையத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை விரலால் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். இது தெரியாமல் மூடிய துளை வழியாகப் பார்த்துவிட்டு 'சுத்தமாக இருக்கிறது' என்று வாங்கிவந்தவர்கள் உண்டு. நான்கைந்து தூசி இருந்தால் கவலை வேண்டாம், படத்தில் தெரியாது. சிலந்தி வலை போல மெல்லிய இழைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். கடற்கரை ஊர்களில் இது சாதாரணம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் அந்த லென்ஸை வாங்க வேண்டாம்.

அடுத்து ஒரு சோதனை, பலரும் மறந்துவிடுவது. பாடியில் மாட்டி, எஃப் 8 வைத்து, 17, 24, 35, 50 என்று ஒவ்வொரு நிலையிலும் இரண்டு படம் எடுங்கள். துளையை இயக்கும் மெல்லிய ரிப்பன் கேபிள் ஜூம் செய்யும்போதெல்லாம் மடங்கி மடங்கி, வருடக்கணக்கில் ஓடிய லென்ஸில் அறுந்துபோகும். அப்படி ஆன லென்ஸ் 2.8-ல் அருமையாக எடுக்கும், 8-க்குப் போனதும் எரர் காட்டும். விற்பவர் 2.8-ல் மட்டும் எடுத்துக் காட்டினால் நீங்களே வாங்கி 8-ல் வையுங்கள்.

பிறகு 17 மி.மீ., எஃப் 2.8 வைத்து எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரை நேராக எடுத்து, இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் பெரிதாக்கி ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே அளவுக்கு மென்மையாக இருந்தால் பரவாயில்லை, இந்த விலையில் ஓரங்கள் அப்படித்தான். ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி ஒன்று நகர்ந்திருக்கிறது, எப்போதோ கீழே விழுந்ததாக இருக்கலாம்.

வாங்கியதை வைக்கும் இடம்: தோல் உறையும் மர பீரோவும் வேண்டாம், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும், சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும்.

வீட்டுக்கு வந்து எடுத்த முதல் பத்துப் படத்தில் கண் கலங்கிக் காது தெளிவாக இருந்தால் உடனே லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். எஃப் 2.8-ல் ஆழம் குறைவு என்பதால், கிட் லென்ஸில் மறைந்திருந்த சிறு ஃபோகஸ் பிசகுகூட வெளியே தெரியும். கேமராவை ஸ்டாண்டில் வைத்து, ஒரு நாளிதழ்த் தலைப்பை வ்யூஃபைண்டர் வழியாக ஐந்து தடவையும் லைவ் வியூவில் (பின் திரையைப் பார்த்து) ஐந்து தடவையும் எடுங்கள். லைவ் வியூ சென்சாரிலேயே ஃபோகஸ் பார்க்கும், வ்யூஃபைண்டர் வழி தனி சென்சாரை நம்பும். முதல் ஐந்து மட்டும் கலங்கினால், உங்கள் பாடியில் ஆட்டோ ஃபோகஸ் சரிசெய்யும் மெனு இருக்கிறதா என்று பாருங்கள். கேனான் 70டி, 80டி, நிகான் டி7000 வரிசையில் இருக்கிறது, டி3000, டி5000 வரிசைகளில் இல்லை. இல்லாதவர்கள் சர்வீஸ் சென்டரில் பாடியையும் லென்ஸையும் சேர்த்துக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்லலாம். லைவ் வியூவில் எடுத்த ஐந்தும் கலங்கியிருந்தால்தான் கோளாறு லென்ஸில். அந்த வாரமே திருப்பிக் கொடுங்கள்.