லேமினேட் தரை உப்பிடுச்சா? கம்பெனிகிட்ட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க

போன வாரம் மூலக்கடையில தெரிஞ்ச தம்பி ஒருத்தன் வீட்டுக்குப் போயிருந்தேன். லோன் போட்டு வாங்கின கிரவுண்ட் ஃப்ளோர் ஃப்ளாட், ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் லேமினேட் போட்டிருக்காங்க. ஒரு மழைக்காலம்தான் தாங்கியிருக்கு, ஜாயிண்ட் எல்லாம் தூக்கிக்கிச்சு, ஹால் நடுவுல கால் வெச்சா அமுங்கி எழும்புது. கம்பெனிக்காரங்க "நீங்க தண்ணி ஊத்தி மாப் போட்டிருக்கீங்க, வாரண்டி வராது"ன்னு கையை விரிச்சுட்டாங்க. அவங்க சர்வீஸ் ஆள் வந்து பார்த்துட்டுக் கையெழுத்து வாங்கின தாளை "அக்கா, இதைப் பாருங்க"ன்னு தம்பி நீட்டினான். பார்த்ததும் வயிறு எரிஞ்சுது. அதே மாதிரி ஒரு தாள்ல எட்டு வருஷம் முன்னாடி தண்டையார்பேட்டையில என் வீட்டு ஹால்ல நின்னுகிட்டு நான் கையெழுத்து போட்டிருக்கேன்.

பில்லை வெச்சுக்கோ, போட்டோ எடுத்துக்கோ, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல. தெரியாம மாட்டிக்கிற இடங்களை மட்டும் சொல்றேன்.

காரணம் என்னன்னு பார்க்காமலே சண்டை போடுறது

"தரை கெட்டுப் போச்சு, மாத்திக் குடு"ன்னு மட்டும் கேட்டா அவங்க "தண்ணி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. அந்தத் தண்ணி எங்கிருந்து வந்துதுன்னு நீங்கதான் கேக்கணும்.

லேமினேட் பலகைக்கு நடுவுல இருக்கிறது எச்.டி.எஃப், அதாவது மரச்சில்லுகளை நாராக்கி பசை போட்டு அழுத்தினது. ஈரம் பட்டா ஊதும், ஊதினது திரும்ப இறங்காது. மேல இருந்து தண்ணி இறங்கியிருந்தா பாத்ரூம் வாசல், ஜன்னல் ஓரம், தண்ணி கேன் வெச்ச இடம்னு அங்கங்கதான் ஜாயிண்ட் உப்பியிருக்கும். கீழ சிமெண்ட் தரையிலேர்ந்து ஓதம் ஏறியிருந்தா தண்ணியே படாத கட்டிலுக்கு அடியிலகூட தூக்கியிருக்கும், பலகையைத் திருப்பிப் பார்த்தா அடிப்பக்கம் கறுத்து பூஞ்சை பிடிச்சிருக்கும். மூணாவது, இந்தத் தரை வெயிலுக்கும் ஈரத்துக்கும் விரிஞ்சு சுருங்கும், அதுக்காக சுவரோரமா சுத்தி 8 லேர்ந்து 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத்தான் போடணும், அதை விடாம சுவத்துல முட்டி அடிச்சிருந்தா விரியறதுக்கு வழியில்லாம நடு ரூம்ல கூடாரம் மாதிரி எழும்பிடும். பின்னாடி சொன்ன ரெண்டும் போட்டவன் தப்பு, உங்க மாப் தப்பு இல்ல.

நம்ம வடசென்னைப் பக்கம் கடல் காத்து, தாழ்வான தெரு, மழை பெஞ்சா நாலு நாள் வடியாத தண்ணி, இதுல கிரவுண்ட் ஃப்ளோர்னா தரை ஈரத்தை அளக்காம, பலகைக்குக் கீழ போடுற ஃபோமுக்கு அடியில பாலித்தீன் ஷீட் விரிக்காம பலகை போடவே கூடாது. எந்த பிராண்டா இருந்தாலும் அவங்க இன்ஸ்டலேஷன் கைடு ஒண்ணு வெப்சைட்ல இருக்கும், இடைவெளி எவ்வளவு, ஷீட் எப்படின்னு அதுல அவங்களே எழுதியிருப்பாங்க. முதல் வேலையா அதை டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோங்க. அவங்க எழுத்தையும் உங்க வீட்டுத் தரையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுறதைவிட பலமான சாட்சி உங்களுக்கு வேற கிடைக்காது.

சர்வீஸ் ஆள் நீட்டுற தாள்ல கையெழுத்து போடுறது

இதை இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு ஆறல.

என் வீட்டுக்கு வந்த பையன் நல்ல பையன்தான். மரியாதையா செருப்பை வெளிய விட்டுட்டு வந்தான், டீ குடுத்தேன். பலகையை ரெண்டு இடத்துல தட்டிப் பார்த்தான், நாலு போட்டோ எடுத்தான், "எப்படி மேடம் தொடைப்பீங்க?"ன்னு கேட்டான். "துணியை நனைச்சு நல்லாப் பிழிஞ்சு வாரத்துக்கு ரெண்டு நாள்"னு உள்ளதைச் சொன்னேன். ஏதோ இங்கிலீஷ்ல எழுதினான், "நான் வந்துட்டுப் போனதுக்கு ஒரு சைன் மேடம், இல்லன்னா ஆபீஸ்ல என்னைக் கேப்பாங்க"ன்னான். பாவம், அவன் வேலைக்குப் பிரச்சனை வரக்கூடாதுன்னு நினைச்சு கண்ணாடிகூடப் போடாம கையெழுத்து போட்டுக் குடுத்துட்டேன். மொத்தமே பத்து நிமிஷம். சுவரோரமா அடிச்சிருக்கிற பட்டை, அதான் ஸ்கர்ட்டிங், அதை ஒரு இடத்துலகூட கழட்டல, ஈரம் அளக்கிற மீட்டரை பையிலேர்ந்து எடுக்கவே இல்ல.

கேஸ் போட்டப்புறம் அவங்க பதில் மனுவோட அந்தத் தாளும் வந்துது. காரணம்: வாடிக்கையாளர் அதிகத் தண்ணி ஊத்தித் தொடைச்சது. கீழ இன்னொரு வரி, விளக்கினோம், வாடிக்கையாளர் ஒத்துக்கிட்டார்னு. அதுக்கும் கீழ என் கையெழுத்து. அவங்க வக்கீல் வேற எதையும் பேசவே இல்ல, "இது நீங்க போட்ட கையெழுத்துதானே"ங்கிற ஒரே கேள்வியைப் பிடிச்சுக்கிட்டார். 84,000 ரூபாய் தரைக்கு கடைசியில 25,000 வாங்கிக்கிட்டு ராசியாகிப் போனேன். அதுக்கப்புறம்தான் தரையைப் பிரிச்சோம், ஃபோமுக்குக் கீழ ஷீட்டே இல்ல, பலகை சுவத்துல இடிச்சுக்கிட்டு நின்னுது. முன்னாடியே ஒரே ஒரு ஸ்கர்ட்டிங்கை கழட்டிப் பார்த்திருந்தா கதையே வேற.

அதனால ஆள் வர்றான்னா, வீட்டுல இன்னொருத்தர் போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே இருக்கட்டும், ஆரம்பத்துலயே அவன்கிட்ட சொல்லிட்டே எடுங்க. சுவரோரம் ஒரு இடத்துல ஸ்கர்ட்டிங்கைக் கழட்டச் சொல்லுங்க, ஸ்கேலை வெச்சு இடைவெளியை அளக்கச் சொல்லுங்க, ஃபோமைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க. தாளை நீட்டினா உக்காந்து படிங்க, இங்கிலீஷ் புரியலன்னா புரிஞ்சவங்களுக்கு போட்டோ அனுப்பிக் கேளுங்க, அவன் காத்திருக்கட்டும். தண்ணி, மாப், கஸ்டமர்னு எது இருந்தாலும் கையெழுத்துக்கு மேல உங்க கையால தமிழ்லயே எழுதுங்க: "இந்தக் காரணத்தை நான் ஏத்துக்கல. ஸ்கர்ட்டிங் கழட்டிப் பார்க்கல. ஈரம் அளக்கல." தேதி, நேரம் போட்டு, குடுக்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளை போட்டோ எடுத்துக்கோங்க. அப்படி எழுத விட மாட்டேன்னா கையெழுத்தே வேண்டாம், எந்தச் சட்டமும் உங்களைப் போடச் சொல்லல.

ஏற்கனவே போட்டுட்டீங்களா, அன்னிக்கே ஈமெயில் அனுப்புங்க. எத்தனை மணிக்கு வந்தான், எவ்வளவு நேரம் இருந்தான், எதையெல்லாம் பார்க்கல, தாள்ல இருந்தது படிச்சுக் காட்டப்படலன்னு எழுதுங்க. மூலக்கடைத் தம்பி அந்த ராத்திரியே அனுப்பிட்டான், என் எதிர்லதான் டைப் பண்ணான். மறுநாள் ரெண்டு பக்கம் ஸ்கர்ட்டிங்கை கழட்டிப் பார்த்தோம், ஒரு ஓரத்துல பலகைக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு போஸ்ட் கார்டுகூட நுழையல.

பிரிச்சுப் போட்டுட்டு அப்புறம் கேஸ் போடுறது

பெரம்பூர்ல ஒரு அம்மா, பொங்கலுக்கு வீடு நல்லா இருக்கணும்னு லேமினேட்டை பேத்து எடுத்துட்டு டைல்ஸ் ஒட்டிட்டாங்க. பழைய பலகை எல்லாம் போகி நெருப்புல போயிடுச்சு. இப்போ எதைக் காட்டுறது? மாத்தியே ஆகணும்னா முன்னாடியே கம்பெனிக்கு எழுத்துல தேதி குடுத்து "வந்து பார்த்துக்கோங்க"ன்னு சொல்லிட்டு, வீடியோ எடுத்துக்கிட்டே பிரிங்க. சுவரோரத்துப் பலகை ரெண்டு, நடு ரூம் பலகை ரெண்டு, அடியில இருந்த ஃபோம் ஒரு துண்டு, பெட்டி கிடைச்சா பேட்ச் நம்பர் இருக்கிற லேபிள், இதெல்லாம் கேஸ் முடியற வரைக்கும் வீட்டுல இருக்கணும். கேஸ் போட்டுட்டீங்கன்னா நிபுணரை அனுப்பிப் பார்க்கச் சொல்லி நுகர்வோர் ஆணையத்துலயே மனு போடலாம், அதுவரைக்கும் தரையைத் தொடாதீங்க.

வெள்ளம் வந்ததை மறைக்கிறது

மறைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல எந்தத் தெருவுல தண்ணி நின்னுதுன்னு ஊருக்கே தெரியும். தண்ணி வடிஞ்சப்புறம் போட்ட தரைன்னா அது உங்களுக்குத்தான் சாதகம், ஈரம் காஞ்சுதான்னு பார்க்காம போட்டது அவங்க.

கேஸ்ல ஒருத்தரை மட்டும் எதிர்த்தரப்பா போடுறது

பலகை கம்பெனி "ஃபிட்டிங் எங்க ஆள் இல்ல"ம்பான், கடைக்காரர் "மெட்டீரியல் கம்பெனியோடது"ம்பார், ஃபிட்டர் போனே எடுக்க மாட்டார். மூணு பேரையும் சேருங்க.

"15 வருஷ வாரண்டி"யை நம்பி உக்கார்றது

பெரும்பாலும் அது மேல் பூச்சு தேயறதுக்கு. கார்டைப் படிங்க.

போன்லயே மாசக்கணக்கா பேசறது

"அடுத்த வாரம் பார்க்கறோம் மேடம்"னு சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுவாங்க. நுகர்வோர் சட்டத்துல வழக்கு போட 2 வருஷம்தான், நீங்க முதல்ல தரை தூக்கினதைப் பார்த்த நாள்லேர்ந்தே எண்ணிக்கோங்க, தாமதத்துக்குக் காரணம் சொல்லி மனு போடலாம்தான் ஆனா அந்தத் தலைவலி எதுக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் பண்ணி தமிழ்லயே புகார் பதியலாம், சில கம்பெனி அதுக்கே இறங்கி வரும். ஆனா அங்கேர்ந்து உத்தரவெல்லாம் வராது, அந்தப் புகார் நம்பர் இருக்குன்னு 2 வருஷக் கணக்கு நிக்கவும் நிக்காது.

அதுக்கும் மசியலன்னா நோட்டீஸ் ஒண்ணு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டு, 15 நாள் பார்த்துட்டு, கேஸைப் போடுங்க. 2019 சட்டம் வந்தப்புறம் நீங்க குடியிருக்கிற இடத்துலயே போடலாம், கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் சரி. நம்ம பக்கத்துக்கு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். குடுத்த பணம் 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே நடத்தலாம், ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம். தம்பியோட நோட்டீஸ் நேத்து மூணு பேருக்கும் போயிடுச்சு, ஸ்பீட் போஸ்ட் ரசீது மூணையும் அந்த சர்வீஸ் தாளோடயே பின் பண்ணி வெச்சிருக்கான்.