மதுரையிலிருந்து தனியாகத் தூத்துக்குடிக்கு: ஓர் இரவு தங்கிப் பார்க்கும் வழி

மதுரையில் பலருக்குத் தூத்துக்குடி என்பது திருச்செந்தூர் போகும் வழியில் பேருந்து சற்று நேரம் நின்று புறப்படுகிற ஊர் மட்டுமே. முருகனைத் தரிசித்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பும் குடும்பப் பயணத்தில் இந்த ஊரைப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அது பெரும்பாலும் வெயில் கொளுத்தும் நடுப்பகலாகவே அமைகிறது. படகுகள் கிளம்புவதும் கரை சேர்வதும், உப்பு வாருவதும், மீன் ஏலம் போவதும் பெரும்பாலும் விடியலிலும் முன்னிரவிலும் நடக்கின்றன. ஆகவே இந்தத் துறைமுக நகரைப் பார்க்க விரும்புகிறவர் அங்கே ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும் என்பதும், கூட வருபவர்களின் பசிக்கும் உறக்கத்துக்கும் கட்டுப்பட வேண்டியிராத தனிப் பயணிக்கே அது எளிது என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் நாளைத் தேர்ந்துகொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் மதுரையை விட்டுக் கிளம்பிச் சனிக்கிழமை இரவு திரும்புவது நல்ல ஏற்பாடு. சனிக்கிழமைக்கான காரணத்தைத் திரேஸ்புரம் பற்றிச் சொல்லும்போது விளக்குகிறேன். மாதங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலும் தாங்கும்படி இருக்கும், உப்பளங்களிலும் வேலை நடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், குறிப்பாக நவம்பர், டிசம்பர் மாதங்களில், வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, அந்தப் பகுதி முழுவதும் சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்க முடியாது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா நடைபெறுவதால், அந்த நாள்களில் அறை கிடைப்பது அரிது.

ரயிலில் போனால் விருதுநகர், கோவில்பட்டி, வாஞ்சி மணியாச்சி வழியாகப் போகலாம். எனினும் தனியாகப் போகிறவர் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அருப்புக்கோட்டை வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறுவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அந்த வழியில்தான் எட்டயபுரம் இருக்கிறது. சில பேருந்துகள் ஊருக்குள் நுழையாமல் புறவழிச் சாலையிலேயே போய்விடும். ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த பாரதியார் 1882இல் பிறந்த வீடு இங்கே நினைவில்லமாகப் பேணப்படுகிறது. இதே ஊரில் 1835இல் மறைந்த கர்நாடக இசை மேதை முத்துசாமி தீட்சிதரின் சமாதியும் உண்டு. இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்கு முன் தூத்துக்குடி போய்ச் சேரும்படி அடுத்த பேருந்தைப் பிடியுங்கள்.

தூத்துக்குடியில் பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என இரண்டு உண்டு. கடற்கரைச் சாலை, மாதா கோயில், சிவன் கோயில், கடைத்தெரு ஆகியவை பழைய பேருந்து நிலையத்திலிருந்து அருகில் என்பதால் அந்தப் பக்கமே அறை எடுப்பது வசதி. ஆதார் அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள். தனியாக வரும் பெண்கள் அறையை முன்கூட்டியே தொலைபேசியில் பேசி உறுதி செய்துகொண்டு, விடுதியின் பெயரையும் எண்ணையும் வீட்டில் ஒருவருக்குத் தெரிவித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181 ஆகிய எண்கள் உள்ளன.

இவ்வூர் விசைப்படகுகள் விடியற்காலையில் கிளம்பி அன்றிரவே கரை திரும்பும் வழக்கம் உடையவை. ஆகையால் வெள்ளிக்கிழமை இரவு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடாக நடக்கும். அங்கே போக விரும்பினால், விடுதியில் விசாரித்துவிட்டு, போய்த் திரும்பும் வரை காத்திருக்க ஓர் ஆட்டோவைப் பேசிக்கொண்டு போங்கள். கூடைகளும் பனிக்கட்டிப் பெட்டிகளும் இடைவிடாமல் நகரும் இடம் அது. ஏலம் கூறுபவருக்கும் வாங்குபவருக்கும் இடையில் நிற்காமல் ஓரமாக நின்று பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் எழுந்து கடற்கரைச் சாலைக்குப் போய்விடுங்கள். ஊர் கிழக்கு நோக்கி இருப்பதால் கதிரவன் கடலிலிருந்தே எழும். பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிச் செல்லும் மரத்தோணிகளைச் சாலையிலிருந்தே காணலாம். இக்காலத்திலும் மரக்கலங்கள் சரக்கோடு கடல் கடக்கும் துறை நம் நாட்டில் அதிகம் இல்லை என்பதால், இந்தக் காட்சிக்கு நேரம் ஒதுக்குங்கள். துறைமுக எல்லைக்குள் அனுமதியின்றி நுழையவும், வாயிற்காவல் உள்ள இடங்களைப் படம் எடுக்கவும் கூடாது. 1974இல் திறக்கப்பட்ட புதிய துறைமுகம் நகருக்குத் தெற்கே உள்ளது; அதற்கு 2011இல் வ.உ.சி.யின் பெயர் சூட்டப்பட்டது.

அந்தப் பெயருக்குரியவரை நினைக்காமல் இந்தக் கரையில் நிற்க இயலாது. 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரனார், 1908இல் இவ்வூர்க் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். அடுத்த சில நாள்களிலேயே கைது செய்யப்பட்டார். அந்த மில்லை நடத்திய ஹார்வி நிறுவனமே மதுரையில் மதுரா மில்லையும் நடத்தியது; திருநகரை அடுத்த ஹார்விபட்டியின் பெயரும் அதனால் வந்ததே. மதுரையிலிருந்து வருகிறவர் இந்தத் தொடர்பை அறிந்து வந்தால், இந்த ஊரின் போராட்டம் தம் ஊர்க் கதையாகவும் விளங்கும். இன்னொரு நாள் தங்க முடிகிறவர்கள் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்துக்கும், அதன் அருகிலுள்ள பாஞ்சாலங்குறிச்சிக்கும் போய்வரலாம்.

கடற்கரையிலிருந்து உப்பளங்களுக்கு நேராகப் போய்விட வேண்டும், ஏனெனில் வெயில் ஏறுவதற்குள் அங்கே அன்றைய வேலை பெரும்பகுதி முடிந்துவிடும். குஜராத்துக்கு அடுத்தபடியாக இந்தியாவில் மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான். அதிலும் பெரும்பங்கு இந்த மாவட்டத்துடையது. முத்தையாபுரம், முள்ளக்காடு வழியாகத் திருச்செந்தூர் செல்லும் நகரப் பேருந்துச் சாலையின் இருபுறமும் அளங்கள் விரிந்து கிடக்கின்றன. உவர்நீரைப் பாத்திகளில் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, உறையும் உப்பை வாரி வரப்பில் குவிக்கிறார்கள். வேலை செய்பவர்களிடம் அனுமதி கேட்காமல் பாத்திப் பக்கம் போகாதீர்கள். மிதித்துப் பதப்படுத்திய தரையில் செருப்புக் கால் பட்டால் அவர்களின் உழைப்பு வீணாகும். முகங்களைப் படம் எடுக்கும் முன்பும் கேட்பதே முறை. கண் கூசும் வெளிச்சத்திலும் காலை அரிக்கும் உவர்நீரிலும் ஆண்டின் பெரும்பகுதி நிற்கிறவர்கள் அவர்கள். மழைக்காலத்தில் அந்த வேலையும் இல்லாமல் போகிறது. தண்ணீர்ப் புட்டியும் தலைக்குத் துணியும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள்.

வெயில் ஏறிய பிறகு பனிமய மாதா பேராலயத்துக்குள் அமர்ந்திருப்பது உடலுக்கும் இதம். முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்துவம் தழுவினர். இங்குள்ள மாதா திருவுருவம் 1555இல் மணிலாவிலிருந்து வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1982இல் இவ்வாலயம் பேராலயமாக உயர்த்தப்பட்டது. முத்துக்குளிப்பு 1960களின் தொடக்கத்தோடு நின்றுவிட்டது, சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் உண்டு. அருகில் சங்கரராமேசுவரர் கோயிலும், ஒல்லாந்தர் காலத்து ஆலயம் ஒன்றும் இருக்கின்றன.

நகரின் வடக்கே உள்ள திரேஸ்புரம் நாட்டுப்படகுகளின் துறை. வார நாள்களில் கடலில் தங்கித் தொழில் செய்யும் படகுகள் பல சனிக்கிழமை கரை திரும்புவதால், அன்று சீலா, விளைமீன், ஊளி, பாறை என வகைவகையாக மீன் குவியும். எந்த நேரத்தில் ஏலம் களைகட்டும் என்பது காற்றைப் பொறுத்தது என்பதால், முதல் நாளே விசாரித்து வையுங்கள். “அண்ணாச்சி, இது என்ன மீன்?” என்று பணிவாகக் கேட்டால் அநேகமாக விளக்கமாகவே பதில் வரும். தீவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று எவரேனும் அழைத்தால் படகில் ஏற வேண்டாம். தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையிலான 21 தீவுகளும் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, அங்கே அனுமதியின்றி இறங்குவது குற்றம்.

இரவு உணவுக்குப் பொரித்த பரோட்டாவும் சால்னாவும் போதும். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி மூன்றையும் கொண்டு செய்யும் மக்ரூனை வாங்கினால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டுப் பையின் மேல்பக்கம் வையுங்கள். ஈரக்காற்று பட்டால் நமுத்துவிடும், அழுத்தினால் நொறுங்கிவிடும். திரும்புவதற்கு, இரவில் புறப்படும் முத்துநகர் விரைவு ரயில் மதுரை வழியாகச் செல்கிறது. முன்பதிவு கிடைக்காவிட்டால் மாட்டுத்தாவணிக்கு இரவிலும் பேருந்துகள் உண்டு.